ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்

ஐம்பத்தெட்டு என்று நான் சொன்னதை சென்னியப்பன் நம்பவில்லை. பெண்கள் இந்தக் கடைக்கு மகனுக்கு வண்டி பார்க்க வருவார்கள், பஞ்சர் போடக் கொடுத்ததைத் திரும்ப வாங்க வருவார்கள், பிரேக் மாட்டும் ஓட்டையிலிருந்து ரிம் வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொண்டு வரமாட்டார்கள் போலிருக்கிறது. எதில் அளந்தீர்கள் என்று கேட்டார். கைப்பையைத் திறந்து ஸ்கேலைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாக நான் வைத்திருக்கும் ஸ்கேல், ஒருவருடைய இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பது, மூக்கின் மேல் உட்காருவதற்காக நடுவில் ஒரு வெட்டு இருக்கும். "ஏனுங்கக்கா, இது மனுசனுக்கு வெக்கறதாச்சே. இதை வெச்சு சைக்கிளை அளந்த ஆளை இப்பத்தான் பாக்கறேன்." சிரித்துக்கொண்டே குனிந்து அதை முன்சக்கரத்தின் மேல் பிடித்தார், சிரிப்பு நின்றது, ஐம்பத்தெட்டுதான் என்றார். நான் மில்லிமீட்டரில் தவறுவதில்லை. ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும், இரண்டு தள்ளிப்போனால் படிக்கட்டில் கால் வைக்கும்போது படி வேறிடத்தில் இருக்கும். வண்டி என் கணவருடையது, இருபத்தைந்து வருடத்துப் பச்சை நிற ரேஸ் சைக்கிள். அதன் பழைய பெரிய சக்கரத்துக்கு டயர் கிடைக்கவில்லை என்று அவர் இப்போதைய அளவுச் சக்கரத்தை மாட்டிக்கொண்டார், ரிம் நாலு மில்லிமீட்டர் கீழே போய்விட்டது, அதனால் கடையில் கிடைக்கும் பிரேக்குகளில் பாதி அதற்கு எட்டாது. இதெல்லாம் எனக்கு மூன்று வாரத்துக்கு முன் தெரியாது. சென்னியப்பன் இரண்டு அட்டைப் பெட்டிகளை மேசைமேல் வைத்தார். ஒன்றில் கருப்பு, விளம்பரத்தில் வருவதுபோல் பளபளவென்று, ஆனால் அதன் கைகள் ஐம்பத்தைந்து வரைதான் இறங்கும். இன்னொன்று வெள்ளி நிறம், எழுபது வரைக்கும் இறங்கும், கொஞ்சம் நீள மூஞ்சி. கருப்பை மாட்டவே முடியாதா என்று கேட்டேன். "மாட்டலாமுங்க. பிரேக் கட்டையை அடிவரைக்கும் எறக்கிச் சாச்சு வெச்சா ரிம்மைப் புடிச்சுக்கும். மேல் ஓரம் டயர்ல ஒரசும், அவ்வளவுதான். ஊருக்குள்ள ஓட்டுனா வருசக் கணக்குல ஒண்ணும் ஆகாது. மலை எறங்குனா டயரைத் தின்னுரும், பாதி வழியில வெடிச்சுரும். மலைக்குப் போற ஆளுங்களா?" என் கணவரோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜெகநாதன், இப்போது இந்த வண்டியைக் கேட்டிருப்பவன், காலையில் அனுப்பிய செய்தி போனில் இருந்தது. அண்ணி, கருப்பில் பாருங்கள், பச்சைக்குக் கருப்புதான் எடுக்கும், அடுத்த ஞாயிறு ஏற்காடு. "இல்லீங்க," என்றேன், "ஊருக்குள்ளதான்."

அவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. சென்னியப்பன் வண்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார், துரு ஏறிய பழைய பிரேக்கைக் கழற்ற ஆரம்பித்தார், ஸ்பேனர் ஒருமுறை வழுக்கியது, நட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, "அஞ்சு வருசமாச்சுங்களா இதைத் தொட்டு?" என்றார். ஐந்து வருடம், இரண்டு மாதம். ஜெகனுக்கும் இப்படித்தான் சுலபமாக வந்திருக்கும். மலைப்பாதையில், பதிமூன்றாவது கொண்டை ஊசி வளைவில், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் என் கணவர் கிடக்க, பின்னால் வந்த மற்றவர்கள் என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று கேட்க, அவன் வாயைத் திறந்திருப்பான், வந்திருக்கும். அண்ணன் பயந்துட்டாரு, முன் பிரேக்கைக் கெட்டியாப் புடிச்சுட்டாரு. அதைச் சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும். அதற்குப் பிறகு அதைச் சொல்லவேண்டிய வேலையே அவனுக்கு இருக்கவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். எல்லாரும் இவரைத் தூக்கினார்களாம், ஜெகன் வண்டியைத் தூக்கினானாம். அண்ணன் வண்டிமேல் உசுரையே வெச்சிருந்தாரு அண்ணி, அதான் அதை ரோட்டுல போட மனசு வரலைன்னான் என்று அவர்கள் குழுவில் ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னபோது நான் அழுதேன். நல்ல பையன் என்று அழுதேன். ஒரு வாரம் கழித்து வண்டியைத் துடைத்து, புது ரப்பர் போட்டு, வீட்டு நடையில் கொண்டுவந்து நிறுத்தினான். நான் அவனுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு தோசை, மூன்றாவதை வேண்டாம் என்றான், நான் வற்புறுத்தினேன். அந்த மூன்றாவது தோசைதான். வேறு எதை நினைத்தாலும் பொறுத்துக்கொள்ள முடிகிறது, அந்தத் தட்டுக்கு மேல் நான் கரண்டியோடு குனிந்து நின்றதை மட்டும் முடிவதில்லை. இவருக்கு இடது தோளில் தகடு. கை நெஞ்சுக்கு மேல் எழாது, சட்டைக்கு நான் கை கொடுக்க வேண்டும். இடுப்பு கோணிக்கொண்டது, கைத்தடி. பேருந்து வளைவில் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்வார். அதையெல்லாம்கூட விபத்து என்று விட்டுவிடலாம், மனிதர்கள் விழுகிறார்கள். ஆனால் இவர் என்னிடம் சொல்வார், சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, எந்தச் சம்பந்தமும் இல்லாமல், "நான்தான் பயந்துட்டேன், கலா." இருபது வருடம் மலை ஏறி இறங்கினவர். போன வருடம் கல்லூரி வயதில் ஒரு பெண் கூலிங் கிளாஸ் வாங்க எங்கள் கடைக்கு வந்தாள், சைக்கிள் ஓட்டுவதற்கு வேண்டும் என்றாள், கூட வந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், எங்க குரூப்புல முன் பிரேக்கை ஒரேயடியா அமுக்கினா அதுக்குப் பேரு குழந்தை பிரேக்டி, யாரோ குழந்தைவேல்னு ஒரு அங்கிள் அப்படித்தான் பறந்தாராம். சிரித்தார்கள், இவருடைய பெயரைச் சொல்லி. நான் அவளுடைய கண்களின் தூரத்தை அளந்து எழுதினேன். ஐம்பத்தொன்பது. எண் சரியாகத்தான் இருந்தது, இரண்டாம் தடவை அளந்து பார்த்துக்கொண்டேன்.

பழைய கட்டைகள் மேசைமேல் விழுந்தன, நான்கு. ஒன்றை எடுத்தேன். சிறுவிரல் நீளத்துக்கு ஒரு தகரக் கூடு, அதற்குள் ரப்பர். கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், ஒரு முனை திறந்திருக்கும், திறந்த வழியாகத்தான் ரப்பரைச் செருகுவது. மூன்று வாரத்துக்கு முன் இதே இடத்தில் இதே மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் சென்னியப்பன் சொன்னார். ஜெகன் வண்டியைக் கேட்டிருந்தான், அண்ணி சும்மா துருப்புடிச்சுட்டுக் கெடக்குது, பழைய வண்டிகளாவே சேர்ந்து ஒரு ரைடு போறோம், எனக்குக் குடுத்துருங்க என்று. இவரும் குடுத்துரு கலா என்றார். சரி, ஓட்டுகிற நிலைமையில் கொடுப்போம் என்று நான்தான் இங்கே தள்ளிக்கொண்டு வந்தேன். என் முட்டாள்தனத்துக்கு எல்லையில்லை, அவனுக்குக் கொடுப்பதைப் பழுது பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று. சென்னியப்பன் சும்மா பேச்சுக்குச் சொன்னார், "இதுல ஒண்ணே ஒண்ணுதானுங்க பாக்கோணும். மூடுன பக்கம் முன்னால இருக்கோணும். மாத்திப் போட்டுட்டா, அமுக்க அமுக்கச் சக்கரமே ரப்பரை வெளிய இழுத்துரும். மொத பத்து வளைவு நிக்கும், அப்பறம் வெறும் தகரந்தான். படிச்சவங்களே மாத்திப் போட்டுருவாங்க, வலது எடதுன்னு சின்னதா ஒரு அம்பு போட்டிருப்பான், கண்ணுக்கே தெரியாது." நான் ஓ என்றேன். துருவுக்குப் பிரேக்கையே மாற்றவேண்டும், அளவு பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்றார், வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சோறு வைத்தேன். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போதுதான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது. அன்று காலை அடிவாரத்தில் டீ குடிக்க நின்றபோது எடுத்தது, இவர் ஹேண்டில்பாரில் முழங்கையை ஊன்றிச் சிரிக்கிற படம், விழுவதற்கு முந்திய கடைசிப் படம் என்பதால் நான் போனில் வைத்திருந்தேன். ஐந்து வருடமாக நான் அதில் அவர் முகத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முகத்தைத் தள்ளி, கையைத் தள்ளி, கீழே வந்தேன். முன் பிரேக். கட்டை. திறந்த முனை முன்னால். ரப்பரின் கருப்பு ஒரு நூல் அளவு வெளியே நீட்டிக்கொண்டு. அந்தக் கட்டைகளை முந்தின நாள் சாயங்காலம் மாற்றியது ஜெகன். எங்கள் வீட்டு வரவேற்பறையில், தரையில் தினசரியை விரித்து. வண்டியை அவன் ஏன் தூக்கினான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஒரு வாரம் எதற்கு வைத்திருந்தான் என்றும். சோறு அடிப்பிடித்தது, இவர் உள்ளேயிருந்து, "கலா, வாசனை வருது," என்றார். ஒன்றுமில்லை என்றேன். அன்றிலிருந்து மூன்று வாரமாக ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெகன் வந்து இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்போதும், அண்ணி காப்பி எங்கே என்னும்போதும். ஐந்து வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறான். தம்பி என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தினேன், அவன் கவனிக்கவில்லை.

சென்னியப்பன் கருப்புப் பெட்டியைப் பிரித்தார், உள்ளே இருந்த சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப்போட்டார். முன்பக்கத்தை மாட்டினார். அழகாகத்தான் இருக்கிறது, பச்சைக்குக் கருப்பு எடுக்கத்தான் செய்கிறது, அவனுக்கு எப்போதும் நல்ல ரசனை. நான் எதுவும் செய்யவில்லை. அவன் கேட்டது கருப்பு, நான் வாங்கிக் கொடுப்பது கருப்பு. யாராவது பின்னால் கேட்டால் செய்தியைக் காட்டலாம். அவன் வாயைத் திறக்காமல் இருந்தான், நானும் வாயைத் திறக்காமல் இருக்கப்போகிறேன், அளவு சரியாக இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. எந்த வளைவில் என்று யோசித்தேன். மேலேயிருந்து இறங்கும்போது முதல் நான்கைந்தில் ஒன்றும் ஆகாது. ரப்பரின் ஓரம் டயரைத் தேய்க்கும் சத்தம் கேட்குமா? காற்றில் கேட்காது. எட்டாவதில் சூடு. பத்தாவதில் டயருக்கு உள்ளேயிருக்கும் நூல் தெரியும். அவன் குனிந்து பார்க்கமாட்டான், பார்த்தாலும் தெரியாது. பதிமூன்றாவதில் என்று நினைத்துப் பார்த்தேன், அது அதிகம், கணக்கு அவ்வளவு ஒழுங்காக வராது. பதினொன்று. வெடிச் சத்தம். அவன் பின்னால் வருகிற யாரோ சொல்வார்கள், ஜெகன் பயந்துட்டாரு. பிறகு எல்லாரும் சிரிப்பதற்கு அவன் பெயரில் ஒரு பிரேக். அவன் மனைவி அவனுக்குச் சட்டையில் கை கொடுக்கட்டும். அவள் என்ன செய்தாள் என்று கேட்டுக்கொண்டேன், நான் என்ன செய்தேன் என்று பதில் வந்தது, அந்த இடத்தில் எப்போதும்போல மாட்டிக்கொண்டேன். நான் என்ன செய்தேன். குனிந்து பார்த்தாலும் தெரியாது. அவனுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகிவிட்டது, அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். விபத்துக்கு இரண்டு மாதம் முன்னால் எங்கள் கடையில் சோதித்தவள் நான். பிளஸ் இரண்டு பவர், கண்களின் தூரம் அறுபத்தாறு. கண்ணாடி வந்துவிட்டது, அவன் பெயர் எழுதிய கவரில் என் மேசை இழுப்பறையில் இருந்தது, அண்ணி அதைப் போட்டா கெழவன் ஆயிருவேன், மெதுவா வந்து வாங்கிக்கறேன் என்றான். விபத்துக்கு முந்தின அந்தச் சாயங்காலம் காப்பி கொண்டுவந்து வைத்தபோது அவன் ஒரு கட்டையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னால் இழுத்து, அந்த அம்பைத் தேடிக்கொண்டு. நாற்பதைத் தாண்டியவர்கள் மருந்துச் சீட்டை அப்படித்தான் பிடிப்பார்கள், கடைக்குள் நுழையும்போதே நான் கண்டுபிடித்துவிடுவேன், என் தொழிலே அதுதான். "என்ன தம்பி, கை நீளம் பத்தலையா?" என்றேன். அவன் சிரித்தான். இவரும் சிரித்தார். "அண்ணி ஒரு முழம் கை கடன் குடுங்க," என்றான். நான் சமையலறைக்குப் போய்விட்டேன், பால் பொங்கிக்கொண்டிருந்தது. இல்லை, பால் பொங்கவில்லை, காப்பி கொடுத்தாகிவிட்டது, அடுப்பில் எதுவும் இல்லை. நான் சும்மா போனேன். ஆனால் எனக்கு அம்பைப் பற்றித் தெரியாது. அவனுக்குத் தெரியும், அம்பு இருப்பது தெரிந்து, கண்ணுக்குத் தெரியாமல் மாட்டினான், மாட்டியது தப்பென்று தெரிந்த பிறகு மறைத்தான். நான் ஒரு கேலி பேசினேன். இரண்டும் ஒன்றில்லை. தெரியாமல் மாட்டியதற்காக நான் அவனை ஒன்றும் செய்யவில்லை, மறைத்ததற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சொன்னது சரியாகத்தான் இருந்தது, இருந்தும் இன்னொரு தடவை சொன்னேன். பின் பிரேக்கும் ஏறிவிட்டது. சென்னியப்பன் கேபிளை இழுத்துக் கட்டினார், கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு லீவரை அமுக்கினார், சக்கரம் சட்டென்று நின்றது. "புடிக்குது பாத்தீங்களா," என்றார். அவருக்குப் பெருமை. நாளைக்கு அவன் விழுந்தால் சென்னியப்பனின் கடைப் பெயரும் சேர்ந்து விழும் என்பது அப்போதுதான் தோன்றியது. தோன்றியதைத் தள்ளி வைத்தேன்.

போன் அடித்தது. ஜெகன். எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முன்பே எடுத்துவிட்டேன். "அண்ணி, ஆச்சுங்களா? கருப்புதானே?" என்றான். கருப்புதான் என்றேன். "சூப்பர். சாயந்தரம் வந்து எடுத்துக்கறேன். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு." அதோடு வைத்திருக்கலாம். வைத்திருந்தால் எல்லாம் நான் அளந்தபடி நடந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை என்றதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. "என்ன வார்த்தை சொல்வீங்க?" என்றேன். "என்னண்ணி?" "அவர்கிட்டச் சொல்லணும்னா, அன்னிக்குக் கட்டையை மாத்திப் போட்டது யாருன்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரியில எல்லாரும் அழுதுட்டிருக்கும்போது வண்டியை எதுக்குத் தூக்கிட்டுப் போனீங்கன்னு சொல்லுங்க. எங்கிட்டப் படம் இருக்கு, ஜெகன்." சென்னியப்பன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு ஸ்பேனர்களை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டார். போனில் ஒரு பைக் போகும் சத்தம் கேட்டது. அவன் இல்லை என்பான், நான் தயாராக இருந்தேன், மூன்று வாரமாக அவன் இல்லை என்பதற்கான பதில்களை எழுதிப் பார்த்திருந்தேன். அவன் இல்லை என்று சொல்லவில்லை. "அண்ணனுக்குத் தெரியுங்க," என்றான். எனக்குப் புரியவில்லை. "மூணாவது நாளே சொல்லிட்டேன், ஐ.சி.யூ.வுல இருந்து வெளிய வந்த அன்னிக்கே. கால்ல விழுந்தேன் அண்ணி, கட்டில் காலைத்தான் புடிக்க முடிஞ்சுது. அவருதான் யாருகிட்டயும் பேசாதேன்னாரு. நான் பயந்துட்டேன்னே இருக்கட்டும்னாரு." பொய் சொல்றீங்க என்றேன். "அவருகிட்டயே கேளுங்க." எதுக்கு என்றேன், எதற்காக அவர் அப்படி என்றேன். அவன் சொன்னான். "கலாவுக்குத் தெரிஞ்சா விடமாட்டா, உன்னை வாசப்படி ஏத்தமாட்டா, அப்பறம் ஞாயித்துக்கெழமை எங்கூட யாருடா உக்காருவாங்கன்னு கேட்டாருங்க." அழுதானோ என்னவோ, நான் வைத்துவிட்டேன்.

ஐந்து வருடம். நான்தான் பயந்துட்டேன் கலா என்று ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இல்லை இல்லை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். என்னைத் தேற்ற வைத்திருக்கிறார். அவன் காப்பி கேட்கும்போது அவர் என்னைப் பார்ப்பார், போட்டுக் கொடு என்று, அந்தப் பார்வையில் இது இருந்திருக்கிறது, இரண்டு பேரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், என் வீட்டில், என் காப்பியோடு. அல்லது அவன் இப்போதும் பொய் சொல்கிறான், ஒரு நொடியில் வந்துவிட்ட பொய், சுலபமாகத்தான் வரும் எனக்குத் தெரியும். இரண்டில் எது என்று மில்லிமீட்டர் ஸ்கேலால் அளக்க முடியாது. சென்னியப்பன் அருகில் வந்து, "தண்ணி குடிக்கறீங்களாக்கா?" என்றார். வேண்டாம், அதைக் கழட்டிருங்க என்றேன். "எதைங்க?" "கருப்பை. மலைக்குத்தான் போறதுக்கு இருந்தாங்க." அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் தாங்கிக்கொண்டேன், தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். "நான் அன்னேரமே கேட்டனுங்களே," என்றார் மெதுவாக. "மாட்டுன கையி என்னுதாச்சே." கழற்றினார், மாட்டியபோது இருந்த கவனத்தில் பாதிகூட இல்லை, நட்டு ஒன்று உருண்டு மேசைக்கு அடியில் போனது, தேடவில்லை. "வெள்ளியைப் போட்டுரட்டுங்களா?" "வேண்டாம்." "பிரேக் இல்லாம எப்படிங்க குடுப்பீங்க?" யாருக்கும் கொடுக்கவில்லை, தள்ளிக்கொண்டுதான் போகிறேன் என்றேன்.

ரயில் பாலத்து ஏற்றத்தில் தள்ளுவது சிரமமாக இல்லை. வெயில் நேர் உச்சியில், தார் செருப்பில் ஒட்டியது. இறக்கத்தில்தான் வண்டி எனக்கு முன்னால் ஓடப் பார்த்தது, இவ்வளவு எடை இல்லாத வண்டி இப்படி இழுக்கும் என்று நினைக்கவில்லை. லீவர்களை அமுக்கிப் பார்த்தேன், விரல்கள் தானாகப் போய் அமுக்கின, கேபிள் நுனிகள் காற்றில் துள்ளின. பின்னால் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. ஹேண்டிலை நெஞ்சோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி ஊன்றி, பாதையின் ஓரமாக இறங்கினேன். இதை வரவேற்பறையில், டிவிக்கு முன்னால், அவர் உட்காரும் நாற்காலிக்கு நேராக நிறுத்துவேன். அவன் வந்தால் அவனையும் உட்காரச் சொல்வேன். முதலில் அவரைக் கேட்பேனா, அவனையா என்று தீர்மானிக்கவில்லை. இந்நேரம் அவன் போன் பண்ணியிருப்பான். அவர் எழுந்து கைத்தடியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி, வெயிலில் கேட் அருகே வந்து நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நிற்கட்டும்.